கதவுக்கடியில் விரித்த கம்பளம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லப்போவதில்லை. அந்த நாட்டு ராஜாவுக்கு ஒரு நாள் காலையில் இருமல் சத்தம் பிடிக்காமல் போயிற்று. குதிரையில் உலா போனபோது சாயக்காரத் தெருவில் யாரோ விடாமல் இருமியிருக்கிறார்கள். “ஒரு மண்டலத்துக்குள் தலைநகரில் இருமல் சத்தமே கேட்கக் கூடாது” என்று உத்தரவு போட்டுவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

உத்தரவு நலத்துறை மந்திரி விருபாட்சரிடம் வந்தது. இருமலைப் போக்குவது கஷ்டம், இருமுகிறவர்களைப் போக்குவது சுலபம் என்று அவர் கண்டுகொண்டார். வடக்கு வாசலுக்கு வெளியே பாழாய்க் கிடந்த யானைக் கொட்டிலுக்குச் சுண்ணாம்பு அடித்து, ‘நலவிடுதி’ என்று பலகை மாட்டினார். இருமினவர்களைச் சேவகர்கள் பிடித்துக்கொண்டுபோய் உள்ளே விட்டுப் பூட்டினார்கள். குணமாகிவிட்டது என்று வைத்தியர் எழுதிக் கொடுக்கும்வரை யாரும் வெளியே வர முடியாது, வெளியாட்கள் உள்ளே போகவும் முடியாது. வைத்தியர் மந்திரியின் மருமகன். ஊர் ஜனங்கள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருமப் பழகினார்கள்.

இத்தனைக்கும் அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள், தெருவுக்கு ஒருவராகப் பதினாறு பேர் ராஜா முன்னிலையில் சபை கூடுவார்கள். நடுவில் நீளமான சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள். அதன்மேல் நின்று யார் எதைக் கேட்டாலும் மந்திரி பதில் சொல்லியே ஆக வேண்டும். கம்பளத்தை விட்டு இறங்கிச் சொன்ன எதுவும் சபையில் செல்லாது. ஒரு வருஷம் மண்டபம் ஒழுகியபோது கம்பளத்தைக் குதிரை லாயத்தில் விரித்து அங்கேயே சபையை நடத்தினார்கள். கம்பளம் இருக்கும் இடம்தான் சபை.

அந்த வருஷம் சாயக்காரத் தெருவின் சார்பில் சிலம்பாயி வந்து நின்றாள். நாற்பது நாளுக்கு முன் அவள் புருஷன் மாயாண்டியைக் கொட்டிலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

“மந்திரி ஐயா, எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. இருந்தா நான் அவரப் பாக்கணும்.”

“நலவிடுதியில் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள் அம்மா. மூன்று வேளை சோறு, இரண்டு வேளை கஷாயம். தலைநகரில் எங்காவது இருமல் கேட்கிறதா? சபையோரே சொல்லட்டும்” என்றார் விருபாட்சர்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. கேட்கிறது என்று சொன்னால் எங்கே போக வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அரண்மனை விகடன் சாத்தப்பன் எழுந்து கம்பளத்தில் ஏறினான். “அரசே, அந்த அம்மாள் ஓர் உயிரைக் கேட்டாள். மந்திரியார் சமையலைச் சொன்னார். கேட்டதற்குப் பதில் வரவில்லை.”

ராஜா சாத்தப்பனைப் பக்கத்தில் உட்கார்த்திச் சாப்பிடுவதில் விருபாட்சருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். அவர் கைகூப்பினார். “அரசே, விகடர் தங்கள் ஆட்சியைப் பொய் என்கிறார். விடுதியில் இருக்கும் ஒருவரை இன்று மாலைக்குள் இந்தக் கம்பளத்தில் நிறுத்திக் குறை சொல்லச் செய்யட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும். விடுதிக் கதவு மட்டும் திறக்காது. அது தங்கள் உத்தரவு.”

“சம்மதமா சாத்தப்பா?” என்று ராஜா கேட்டார்.

“சம்மதம் அரசே. சாட்சியின் கால் கம்பளத்தில் பட்டால் போதுமல்லவா?”

“தாராளமாகப் போதும்” என்றார் மந்திரி.

சாத்தப்பன் குனிந்து கம்பளத்தைச் சுருட்ட ஆரம்பித்தான். மேலே நின்றவர்கள் தடுமாறி இறங்கினார்கள். சுருட்டியதைத் தோளில் போட்டுக்கொண்டு, “சபை நகர்கிறது” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே பின்னால் போனார். பதினாறு தெருக்காரர்களும் போனார்கள். மந்திரி கடைசியில் வந்தார்.

கொட்டில் கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. கம்பளத்தின் ஒரு முனையை அதற்குள் தள்ளி, மறுமுனையை வெளியே விரித்தான் சாத்தப்பன். கதவு திறக்கவில்லை. யாரும் வெளியே வரவில்லை, யாரும் உள்ளே போகவில்லை.

“உள்ளே இருப்பவர்கள் யாராவது கம்பளத்தில் நில்லுங்கள். சபை கேட்கிறது” என்றான்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “நிக்கிறேனுங்க. பூக்காரத் தெரு ராக்காயி.”

“வைத்தியர் என்ன மருந்து தருகிறார்?”

“வைத்தியரா? நாங்க யாரும் கண்ணால பாக்கலியே. ஒரு வேளை கஞ்சி வரும். தண்ணி சில நாள் வராது.”

“எத்தனை பேர் இருக்கிறீர்கள்?”

“பத்தொம்பது பேரு வந்தோம். இப்ப பதினோரு பேரு.”

ராஜாவின் சிரிப்பு நின்றது. உள்ளே யாரோ இருமினார்கள். அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

சிலம்பாயி கம்பளத்தில் முழங்காலிட்டாள். “ராக்காயி, எங்க வீட்டுக்காரரு?”

“இருக்காரு தாயி. எந்திரிக்க முடியல. இரு, இழுத்துட்டு வாரேன்.”

கதவுக்கடியில் ஒரு கை மெதுவாக நீண்டது. எலும்பும் தோலுமான கை, நகக்கண்ணெல்லாம் அவுரிச் சாயத்தின் நீலம். சிலம்பாயி அதை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

“உடையுங்கள் கதவை” என்றார் ராஜா. சேவகர்கள் ஓடினார்கள். அவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனிடம் நீட்டினார். “ஜெயித்துவிட்டாய். விருபாட்சரை என்ன செய்யலாம், நீயே சொல்.”

சாத்தப்பன் மாலையைத் தொடவில்லை. “அரசே, பரிசு உண்டென்றால் எனக்கு ஒரு கேள்வி போதும். தாங்கள் கம்பளத்தில் ஏறி நின்று பதில் சொல்ல வேண்டும்.”

அதுவரை எந்த ராஜாவும் அந்தக் கம்பளத்தில் கேள்விக்காக ஏறியதில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

“இருமலே கேட்கக் கூடாது என்றது யார்?”

ராஜா சிலம்பாயியைப் பார்த்தார். “நான்” என்றார்.

மந்திரி பதவி இழந்தார், மருமகனும் கூடவே போனார். பதினோரு பேருக்கும் மருந்து கிடைத்தது, மாயாண்டி பிழைத்தான். ராஜா சிரித்துப் பரிசு கொடுத்ததோடு கதையை முடிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. உள்ளே போன மற்ற எட்டுப் பேரும் அந்தக் கதவு திறந்ததைப் பார்க்கவில்லை.