ஐஸ்கிரீமுக்கு அழுத்தம் எங்கே?

ராஜபாளையத்து ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கும் முத்துப்பேச்சிக்கு ஆங்கிலம் அரைகுறை. சென்னையிலிருந்து வந்த உச்சரிப்புப் பயிற்சியாளர் சேஷகிரி, மேலாளர் முன்னிலையில் அவளை எழுப்பி நிறுத்தினார்.

"நான் சொல்ற கூட்டுச்சொல்லில் எத்தனை அசையோ, மேஜையில் அத்தனை தட்டு தட்டணும். அழுத்தம் விழுற அசைக்குப் பலமாத் தட்டணும். ஒண்ணு தப்பினாலும் நாளையிலேருந்து துணி துவைக்கிற பக்கம் போயிடும்மா."

"சரிங்க சார்."

"ரெயின்கோட்" என்றார். முதல் தட்டு பலமாகவும் அடுத்தது மெதுவாகவும் விழுந்தன. டைனிங் டேபிள், நியூஸ்பேப்பர் என்று பத்துச் சொல்லும் சரியாகவே வந்தன. எரிச்சலோடு "ஐஸ்கிரீம்" என்றார். அவள் கை இறங்கவில்லை.

"என்னம்மா, ஐஸ்கிரீமே தெரியாதா?"

"உங்களுக்கும் தெரியலையே சார். பதினோரு வருஷம் பஞ்சாலையில் இருந்தேன். அந்த இரைச்சலில் காது உதவாது, முகத்தைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்போம். உங்க தாடை இறங்குறதை எண்ணித் தட்டினேன். அழுத்துற இடத்தில் உங்க புருவம் ஏறும். இப்போ ஏறவே இல்லை."

"அழுத்தம் எங்கே சார்?" என்று மேலாளர் கேட்டார். சேஷகிரி 'ஐஸ்' என்பதை அழுத்தி ஒரு தடவையும் 'கிரீம்' என்பதை அழுத்தி ஒரு தடவையும் சொல்லிப் பார்த்தார்; எது சரி என்று அவருக்கே பிடிபடவில்லை.

"நீ வரவேற்பிலேயே இரும்மா" என்றார் மேலாளர்.

அடுத்த ஆளுக்குச் சொல் கொடுத்தபோது சேஷகிரி இடக்கையால் நெற்றியை மறைத்துக்கொண்டார்.