நீலமா, மஞ்சளா

"ஜெயிச்சுட்டேன் சாமி," என்றார் ஏகாம்பரம். "ஆனா டீ தொண்டையில இறங்கல."

குரு கபடி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடத்துக்குப் பின்னாலேயே மைதானம். சாயங்காலம் ஆனால் அவருக்கு அங்கேதான் இருப்பு. ஏகாம்பரத்தைவிட அவர் பத்து வயது இளையவர். அதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

"யாரை ஜெயிச்சீங்க?"

"மாசிலாமணியை."

ஊருக்கே தெரிந்த ஜோடி அது. முப்பது வருஷமாக டீக்கடை பெஞ்சில் வாக்குவாதம். இட்லிக்குச் சட்னியா சாம்பாரா, டவுனுக்கு எந்த பஸ் சீக்கிரம் போகும், கூத்து உசத்தியா நாடகம் உசத்தியா. எதற்கும் முடிவு வந்ததில்லை. வராததால் மறுநாளும் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள்.

மாசிலாமணி இளமையில் கபடி ஆடியவர். மாவட்ட இறுதிப் போட்டியில் கடைசியாகப் பாடி வந்தவனின் காலைப் பிடித்து நிறுத்தியது தான்தான் என்பார். சும்மா அளக்காதே என்பார் ஏகாம்பரம். போன வாரம் எங்கெங்கோ அலைந்து அந்தக் காலத்துச் செய்தித்தாளைத் தேடிப் பிடித்து, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

பிடித்தவர் பெயர் வேறு.

மாசிலாமணி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் கடைப் பக்கமே வரவில்லை.

"அவன் சொன்னது பொய். நான் சொன்னது நிஜம், சாமி."

"நிஜம்தான்," என்றார் குரு. "இப்ப என்ன குறை?"

ஏகாம்பரம் துண்டை எடுத்துத் தேவையில்லாமல் முகத்தைத் துடைத்தார்.

"வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கணும். என்ன கலர்னு வீட்டுல கேக்கறா. எனக்குச் சொல்லத் தெரியல."

"இதுல என்ன கஷ்டம்?"

"போன தடவ அவன் நீலம்னான். உடனே நான் மஞ்சள்னேன். நீலம் ரெண்டே வெயில்ல வெளுத்துடும்னேன். பதினோரு நாள் மல்லுக்கட்டிட்டு மஞ்சள் அடிச்சேன். இப்ப எதிர்த்துச் சொல்ல ஆளில்ல. ஒரு கலரும் மனசுல நிக்க மாட்டேங்குது."

பிறகு வெட்கத்தை விட்டுச் சொன்னார்.

"அவன் இல்லாம முடியல சாமி. எப்படியாவது அவனைத் திரும்ப வரவைக்கணும்."

மைதானத்தில் கல்லூரிப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரு அவளைக் காட்டினார்.

"அந்தப் பொண்ணு ஏன் ஆடல?"

"அவுட்டாயிட்டா."

"ஆட்டம் முடியற வரைக்கும் அங்கேயேதானா?"

"இல்லயில்ல. உள்ள வரலாம்."

"எப்ப?"

கபடி தெரியாத ஆளா இவர் என்று ஏகாம்பரத்துக்குச் சற்று எரிச்சல் வந்தது.

"எதிர்ப் பக்கத்துல ஒருத்தர் அவுட் ஆகணும் சாமி. ஆனாத்தான் இவ..."

அதோடு நிறுத்திவிட்டார்.

குரு மறுபடி ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஏகாம்பரம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாசிலாமணி வீட்டு வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார்.

"அவரு யாரையும் பாக்க மாட்டேங்கறாரு அண்ணே."

"பாக்க வேணாம்மா. காது கேட்டாப் போதும்."

ஏகாம்பரம் தெருவுக்கு இறங்கினார். செய்தித்தாளைப் படித்தபோது இருந்த அதே குரலில், இன்னும் கொஞ்சம் கூட்டிக் கத்தினார்.

"மாசிலாமணி! வீட்டுக்கு நீலம் அடிக்கப் போறேன்! போன தடவ நீ சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன்!"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். மாசிலாமணி வீட்டுக்குள் சத்தமே இல்லை.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"போடா முட்டாள்," என்றது குரல். "நீலம் ரெண்டே வெயில்ல வெளுத்துடும். மஞ்சள் அடி."