வண்டியை விட்டு இறங்காத சிம்மாசனம்

முன்னொரு காலத்தில், ஐந்து வருடத்துக்குள் மூன்று முறை தலைநகரத்தை மாற்றிய ராஜா ஒருவர் இருந்தார். முதல் ஊரில் கொசு. இரண்டாவது ஊரில் தண்ணீர் உப்பு. மூன்றாவது ஊருக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு நாள் காலை சபையில் உட்கார்ந்ததும், "இந்தக் கடற்காற்று என் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலையடிவாரத்துக்குப் போய்விடுவோம்" என்றார்.

சபையில் இருந்தவர்களுக்கு அவரவர் வீட்டு அண்டா குண்டாவை நினைத்து இப்போதே இடுப்பு வலித்தது.

அந்தச் சபையில் திருமேனி என்றொரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைத்தே அவருக்கு நெருங்கியவனாகிவிட்டதால், அமைச்சர் வில்லவராயருக்கு அவனைக் கண்டால் ஆகாது. அவர் எழுந்தார்.

"மன்னர் பெருமானே, இம்முறை சாமான்களைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பைத் திருமேனியாரிடமே ஒப்படைக்கலாம். பேசிய கூலிக்கு மேல் ஒரு பொன் செலவானாலும் அவருடைய நிலத்தை விற்று ஈடுகட்டட்டும்."

"நல்ல யோசனை" என்றார் ராஜா.

மலையடிவாரம் பன்னிரண்டு நாள் பயணம். மூன்று வண்டிக்காரர்கள் வந்து அரண்மனையைச் சுற்றிப் பார்த்தார்கள். பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தார்கள். மூவருமே ஆயிரம் பொன் கேட்டார்கள். நான்காவதாக மாசிலாமணி என்பவன் வந்து வாசலிலேயே நின்றுகொண்டான்.

"ஐந்நூறு பொன் குடுங்க சாமி, போதும்."

"உள்ளே வந்து ஒரு பானையையாவது பாரப்பா" என்றான் திருமேனி.

"எதுக்குங்க? எல்லாம் நம்ம அனுபவத்துல தெரிஞ்சதுதான்."

திருமேனி ராஜாவிடம் ஓடினான். "மன்னா, பார்க்காமல் கூலி சொல்கிறவன் வழியில் பார்த்துக்கொள்வான்" என்று முறையிட்டான். வில்லவராயரோ, "ஐந்நூறுக்கு ஆள் இருக்கும்போது ஆயிரம் எதற்கு?" என்றார். ராஜா ஐந்நூறுக்கே தலையாட்டினார்.

திருமேனியால் முடிந்தது ஒன்றுதான். ஒப்பந்த ஓலையில் ஒரு வரியைச் சேர்த்தான்: 'சாமான்கள் இறங்கும் வரை அவற்றின் காவலும், அவற்றால் வரும் பொறுப்பும் முழுவதுமாக வண்டிக்காரனையே சேரும்.' மாசிலாமணி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

பன்னிரண்டாம் நாள் நாற்பது வண்டிகளும் புதிய அரண்மனை வாசலில் வந்து நின்றன. ஒரு கயிறும் அவிழவில்லை.

"ஆத்தைத் தாண்டினதுக்குத் தனி, மேடு ஏறினதுக்குத் தனி, மாடு இளைச்சதுக்குத் தனி. இன்னும் எழுநூறு பொன் வச்சாத்தான் இறக்குவோம்" என்றான் மாசிலாமணி.

"ஆறும் மேடும் நேற்று முளைத்தவையா?" என்று கேட்டான் திருமேனி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

காவலர்களை விட்டு இறக்கலாமா என்று ராஜா கேட்டார். "கூலித் தகராறில் ஆயுதம் எடுப்பது அரச தர்மம் ஆகாது" என்று வில்லவராயர் தடுத்துவிட்டார்.

அரண்மனை வேலைக்காரர்கள், திருமேனி எல்லோருடைய பாய் படுக்கை, அரிசி பருப்பு எல்லாம் அந்த வண்டிகளில்தான் இருந்தன. திருமேனி வீடு வந்தபோது அவன் மனைவி வடிவாம்பாள் கைக்குழந்தையோடு வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"புள்ளையைப் படுக்க வைக்க ஒரு துணி இல்ல. நிலமும் போச்சுன்னா எங்கே போய் நிக்கிறது?"

"கொஞ்சம் பொறு, வடிவு. எனக்குப் பேசவே தெம்பில்லை" என்று சுவரில் சாய்ந்தான். அப்படியே சாய்ந்தபடி, வண்டிகளில் என்னென்ன ஏற்றினோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். முதல் வண்டியில் சிம்மாசனம் இருந்தது. சட்டென்று நிமிர்ந்தான்.

உடனே ராஜாவிடம் போனான். "மன்னா, மூன்று நாள் தாங்கள் சபைக்கு வரவேண்டாம்."

"மூன்று நாளா! தாராளமாக" என்றார் ராஜா.

சிம்மாசனம் எங்கே இருக்கிறதோ அதுவே சபை. சபைக்கு வந்தவர்களின் வழக்கைக் கேட்டு, அவர்களுக்குச் சாப்பாடும் போட வேண்டியது சிம்மாசனத்தின் பொறுப்பு. இது அந்நாட்டுச் சட்டம். மறுப்பவனுக்குச் சிறை. திருமேனி ஊரெங்கும் தண்டோரா போட்டான்: "சபை முதல் வண்டியில் கூடுகிறது! ஓலைப்படி பொறுப்பு மாசிலாமணியுடையது!"

வரப்புத் தகராறுக்காரர்கள் வந்தார்கள். மாமியாரும் மருமகளும் வந்தார்கள். ஆளுக்கு நூறு பாட்டோடு பதினொரு புலவர்கள் வந்து, முதல் பாட்டிலிருந்து தொடங்கினார்கள். பக்கத்து நாட்டுத் தூதர் இரண்டு யானைகளோடு வந்து கரும்பு கேட்டார். மாசிலாமணியின் ஆட்கள் சமைத்துச் சமைத்துச் சோர்ந்தார்கள். அரிசிக்கும் கரும்புக்கும் அவன் கைக்காசு கரைந்தது.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் அவன் ஓடிவந்து திருமேனியின் காலைப் பிடித்தான்.

"சாமி, எல்லாத்தையும் இறக்கிடுறேன். என்னை விட்டுருங்க!"

"எழுநூறு பொன்?"

"ஐயோ, வேண்டாமுங்க! பாதி உனக்கு, பாதி எனக்குன்னு அமைச்சரய்யாதான் சொல்லிக் குடுத்தாரு."

வில்லவராயரோடு மாடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ராஜாவுக்கு முதலில் கோபம் வந்தது. அதற்குள் ஏழாவது புலவர் மாசிலாமணியை 'வேந்தே' என்று விளித்து அடுத்த பாட்டைத் தொடங்க, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டார்.

"வில்லவராயரே, உமக்கு அமைச்சர் வேலை இனி இல்லை. கீழே போய் மூட்டை இறக்கும். முதலில் வேலைக்காரர்கள் வீட்டுச் சாமான்" என்றவர், திருமேனியின் பக்கம் திரும்பினார். "ஆயிரம் பொன் பரிசு. வேறென்ன வேண்டும், கேள்."

"இன்னும் ஐந்து வருடத்துக்கு எங்கும் குடிபெயரக் கூடாது, மன்னா."

"ஐந்தா? இரண்டு."

"மூன்று."

ராஜா மறுபடி சிரித்தார். "சரி, மூன்று."

திருமேனி பாயையும் மூட்டைகளையும் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்து, விஷயத்தைச் சொன்னான். வடிவாம்பாள் பாயை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். பிறகு, "மூணு வருசம்தானே" என்று மூட்டைகளில் பாதியை மட்டும் அவிழ்த்தாள்.