நாடி பிடிக்காத வைத்தியர்கள்

மலைக்கும் கடலுக்கும் நடுவே செம்பாறை என்று ஒரு நாடு. அதை ஒரு காலத்தில் கொற்றவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு யோசனை தோன்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது சட்டமாகிவிட வேண்டும். இப்படிப்பட்ட ஆளிடம் முரசும் இருந்தால் நாடு என்ன பாடுபடும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் சபையில், "என் நாட்டில் வைத்தியர் கையில் ஒருத்தரும் சாகக் கூடாது. வழி சொல்லுங்கள்" என்றான்.

மந்திரி திருமேனி வாயைத் திறப்பதற்குள் பூதலிங்கர் எழுந்துவிட்டார். ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம் மந்திரிக்கு, அதற்கு அடுத்தது இவருக்கு. அந்த ஒரு ஆசன தூரத்தை நினைத்தே மனுஷன் பாதி இளைத்துவிட்டார்.

"பயம் இருந்தால் கவனம் தானாக வரும், மகாராஜா. நாடி பிடித்தவரே பொறுப்பு என்று வையுங்கள். நோயாளி செத்தால், நாடி பிடித்த கையை வெட்டி எடுத்துவிடலாம்."

"அப்புறம் யாரும் நாடியே பிடிக்க மாட்டார்கள், மகாராஜா" என்றார் திருமேனி.

"உமக்கு எதைச் சொன்னாலும் குறைதான்" என்று ராஜா சிரித்தான். சாயங்காலமே முரசு அறைந்தாயிற்று.

வருஷம் திரும்பியதும் பூதலிங்கர் பெருமையாகச் சொன்னார், நாடு முழுக்க வைத்தியர் கையில் ஒரே ஒரு சாவுதானாம். பொய்யில்லை. கல் உடைக்கும் இடத்தில் கால் நசுங்கிய ஒருவனை முதலாளி வண்டியில் போட்டு வைத்தியர் வீடு வீடாக அலைந்தார். எல்லா வைத்தியரும் ஊருக்குப் போயிருந்தார்கள். அந்த ஆள் வண்டியிலேயே செத்தான். வண்டிக்குக் கையா இருக்கிறது, எடுப்பதற்கு?

கணக்கில் ஏறிய அந்த ஒரே சாவு காத்தாயி கையில் நடந்தது. காத்தாயி ஒரு மருத்துவச்சி. பிரசவம் பார்ப்பாள், கட்டி வந்தால் கீறி விடுவாள். குயவர் தெருவில் ஒரு பெண் பிரசவத்தில் போய்விட்டாள். சபையில் காத்தாயியிடம் ஒரே கேள்வி கேட்டார்கள்.

"நாடி பிடித்தது நீயா?"

"நான்தாங்க."

அவ்வளவுதான் விசாரணை. தேர்த் திருவிழா முடிந்ததும் வலது கையை எடுப்பது என்று தீர்ப்பெழுதிச் சிறையில் போட்டார்கள். திருமேனி எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டான் ராஜா.

திருவிழாவுக்குக் கொடியேறிய சமயம் ராஜாவின் முதுகில் ஒரு கட்டி கிளம்பியது. காய்ச்சல் கொதித்தது. குப்புறப் படுத்தவனால் புரள முடியவில்லை. அரண்மனை வைத்தியர்கள் வந்தார்கள். எல்லாரும் வாசற்படியிலேயே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வேர்க்குரு மாதிரி தெரிகிறது, மகாராஜா" என்றார் ஒருவர்.

"வேர்க்குருவேதான்" என்றார்கள் மற்றவர்கள்.

ராஜா மந்திரியைக் கூப்பிட்டு, "வேர்க்குருவுக்கு இப்படி உயிர் போகுமா, திருமேனி?" என்று முனகினான்.

"உங்களைத் தொடக்கூடிய ஆள் இன்றைக்கு நாட்டில் ஒருத்திதான், மகாராஜா. அவள் சிறையில் இருக்கிறாள்."

"விடுதலை கொடுத்துக் கூட்டி வாரும்."

"விடுதலை மட்டும் வேண்டாம். கொடுத்தால் அவள் கை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அப்புறம் அவளும் வாசலில் நின்று வேர்க்குரு என்பாள்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. அப்படியே கூட்டி வரச் சொன்னான்.

காத்தாயி வந்தாள். நேரே போய் நாடியைப் பிடித்தாள். முதுகைப் பார்த்தாள். "பிளவைங்க, உள்ளுக்குள்ள ஆழமா சீழ் கட்டியிருக்கு. இன்னிக்கே கீறணும்."

"நான் செத்துப்போனால்?"

"போனாலும் போகலாம். கீறாம விட்டா நிச்சயம் போயிருவீங்க."

பூதலிங்கருக்குப் பொறுக்கவில்லை. "யாரிடம் பேசுகிறாய்? ஏதாவது ஆனால் உன் கை என்னாகும் தெரியுமா?"

"அதைத்தான் முன்னாடியே எழுதிட்டீங்களே சாமி. ஒரு கையை ரெண்டு தரம் எடுக்க முடியாதுல்ல." பிறகு ராஜா பக்கம் திரும்பினாள். "இவ்வளவு ஆழமா நான் கீறினதில்லைங்க. பெரிய வைத்தியர் கீறியிருக்காரு. அவர் கூட நின்னா நல்லது."

வாசற்படியில் நின்ற பெரிய வைத்தியர் மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "மகாராஜா, என் கையையும் எடுக்கச் சொல்லி இப்போதே தீர்ப்பு எழுதிவிடுங்கள். நான் உள்ளே வந்துவிடுகிறேன்."

ராஜா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிறகு, "அந்தச் சட்டம் இந்த அறைக்குள் கிடையாது. வாரும்" என்றான்.

"அறைக்கு வெளியே?" என்று கேட்டார் திருமேனி.

"முதலில் நான் பிழைக்கிறேனா பார்ப்போம்."

இரண்டு பேருமாகச் சேர்ந்து கீறினார்கள். ராஜா பிழைத்தான். எழுந்து சபைக்கு வந்தவன், முதல் வேலையாகக் காத்தாயியை வரச் சொன்னான்.

"அந்தக் குயவர் தெருப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?"

"இப்பவாவது கேட்டீங்களே" என்றாள் காத்தாயி. "விடியக்காலை வலி எடுத்திருக்கு. புருஷன்காரன் போய் மூணு மருத்துவச்சி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கான். யாரும் திறக்கலை. நான் பக்கத்து ஊர்ல இருந்தேன். சேதி தெரிஞ்சு ஓடி வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு. புள்ளையை எடுத்துட்டேன். அவளை விட்டுட்டேன்."

"கதவைத் திறக்காதவர்கள் யார்?"

"அவங்க மேல கோபப்படாதீங்க. அவங்களுக்கும் கை வேணும்ல."

ராஜா தன் கையைப் புரட்டிப் பார்த்தான்.

"அப்படியானால் அவள் என் கையில்தான் செத்திருக்கிறாள்" என்றான்.

பூதலிங்கர் தலை நிமிரவில்லை. அன்றைக்கே திருமேனி வேறு சட்டம் எழுதினார். யாராவது இறந்தால், என்ன நடந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து முதலில் கேட்க வேண்டும். குடித்துவிட்டு வந்தவருக்கும், கைக்கூலிக்காக நோயாளியைக் காக்க வைத்தவருக்கும்தான் தண்டனை. காத்தாயி மாசிலாமணிக்குச் சமமான சம்பளத்தோடு அரண்மனை மருத்துவச்சி ஆனாள்.

பூதலிங்கருக்கும் ஒரு வேலை கிடைத்தது. புதுச் சட்டத்தை முரசில் அறைந்தால் போதாது, வீடு வீடாகப் போய் அவரே சொல்ல வேண்டும் என்றான் ராஜா. அவர் குயவர் தெருவுக்குப் போய், முதலில் ஒரு மருத்துவச்சி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மருத்துவச்சி ஊரில் இல்லை" என்றது உள்ளே இருந்து மருத்துவச்சியின் குரல்.

அவர் பொழுது சாயும் வரை தட்டிக்கொண்டே நின்றார்.