கடைக்குட்டி துப்பிய மீன்

ஏரி நடுவில் ஒரு கருவேல மரம் நின்றது. அதன் உச்சிக் கிளையில் நெடுங்காலி என்ற நாரை கூடு கட்டியிருந்தாள். அவளுக்கு மூன்று குஞ்சுகள். மூத்தவன் கொண்டையன், அடுத்தவள் பூஞ்சி, கடைக்குட்டி சுண்டு. அப்பன் நாரை மின்கம்பியில் அடிபட்டுச் செத்துப்போயிருந்தது. அதனால் மூன்று வாய்க்கும் அவள் ஒருத்திதான் இரை தேட வேண்டும்.

அந்தக் கூட்டில் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. "வாயைத் திற! கண்ணை மூடு! விழுங்கு!" அவ்வளவுதான். மீனை வாயில் வைத்து ருசி பார்ப்பது, அலகால் புரட்டிப் பார்ப்பது எல்லாம் நாரைகளுக்கு மரியாதைக் குறைவு. கொண்டையனும் பூஞ்சியும் இதில் கெட்டிக்காரர்கள். சுண்டு மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வான்.

"இது என்னம்மா?"

"கெண்டைடா கண்ணு. நேத்துக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னியே!"

"நேத்து நல்லா இருந்துச்சு. இன்னைக்குச் செதில் குத்துது!"

மறுநாள் தவளை கொடுத்தாள். "கால் ஆடுது!" என்று துப்பினான். அடுத்து நத்தை. அதை ஆசையாகத் தின்றான். நெடுங்காலி பூரித்துப்போனாள். விடிந்ததும் ஏரிச் சேற்றையெல்லாம் கிளறி, நத்தையாகவே கொண்டுவந்து கொட்டினாள். சுண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்குக் கெண்டைதான் வேணும்!"

இந்தக் கூத்தை எந்தத் தாய் தாங்குவாள்? சுண்டு துப்பியதைத் தின்பதே அவளுக்குச் சாப்பாடாகிவிட்டது. பக்கத்துக் கிளை நீர்க்காகம் வேறு சும்மா இராது.

"என்னக்கா, கடைக்குட்டி குச்சி மாதிரி இருக்கான்! சோறே போடறதில்லையா?"

நெடுங்காலிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏரி வற்றிக்கொண்டே வந்தது. முழுதும் வற்றுவதற்குள் குஞ்சுகள் சிறகு முற்றி, கடலோர உப்பங்கழிக்குப் பறந்துவிட வேண்டும். தெம்பில்லாத குஞ்சு வழியிலேயே விழுந்து சாகும். அந்தப் பயத்தில் அவள் கண் எப்போதும் சுண்டுவின் மேலேயே இருந்தது. மற்ற இரண்டையும் அவள் கவனிப்பதே இல்லை. கொடுத்ததைத் தின்கிற பிள்ளைகளைப் பற்றி யார்தான் கவலைப்படுகிறார்கள்!

ஒருநாள் பூஞ்சி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அம்மா, இந்த இறால்ல ஒரு மாதிரி வாடை அடிக்குது."

எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ! நெடுங்காலி அவள் மண்டையில் அலகால் ஒரு போடு போட்டாள்.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? என் உசிரை வாங்க ஒருத்தன் போதாதா? நீயாவது என்னைப் படுத்தாம இரு!"

பூஞ்சி கண்ணை மூடி இறாலை விழுங்கினாள்.

"இதுதான் என் தங்கம்!" என்று நெடுங்காலி அவள் இறகைக் கோதிவிட்டாள். அதன்பிறகு பூஞ்சி எந்த வாடையைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

சில நாள் கழித்து மேட்டு வயலில் பூச்சிமருந்து அடித்தார்கள். அன்றே கோடை மழை கொட்டியது. வயல் தண்ணீர் மருந்தோடு வந்து ஏரியில் சேர்ந்தது. இது எதுவும் நெடுங்காலிக்குத் தெரியாது. காலையில் அவள் இறங்கியபோது, மீன்கள் கிறங்கிப்போய் மேலே மிதந்தன. ஓட வேண்டாம், ஒளிய வேண்டாம், கொத்தினால் போதும்!

"அப்பாடா, இன்னைக்காவது எனக்கு விடிஞ்சுதே!" என்றாள்.

கரையில் ஒரு கிழட்டு ஆமை, குடும்பத்தோடு ஏரியைவிட்டு ஏறிக்கொண்டிருந்தது. "நில்லும்மா! மீன் ஏன் மிதக்குதுன்னு யோசிச்சியா?" என்று கூப்பிட்டது.

"உனக்குப் பேச நேரம் இருக்கு. எனக்கு வீட்டுல ஒண்ணு சாப்பிடாம கிடக்கு!" என்று சொல்லிக்கொண்டே நெடுங்காலி பறந்துவிட்டாள்.

"வாயைத் திற! கண்ணை மூடு! விழுங்கு!"

கொண்டையன் விழுங்கினான். பூஞ்சி ஒரு கணம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினாள். சுண்டு துப்பினான்.

"கசக்குது!"

"அன்னைக்குச் செதில், அடுத்த நாள் கால், இன்னைக்குக் கசப்பா? பாரு, அண்ணனும் அக்காவும் எப்படிச் சாப்பிடறாங்க!"

அவள் மீனை எடுத்து மறுபடி அவன் வாயில் திணித்தாள். அவன் மறுபடி துப்பினான். சரி, வழக்கம்போல நாமே தின்னலாம் என்று அவள் குனிந்தாள். சுண்டு வீம்பாக அந்த மீனை ஓர் உதை உதைத்துத் தண்ணீரில் தள்ளிவிட்டான்.

"பட்டினி கிட! அப்பத்தான் புத்தி வரும்!" என்று நெடுங்காலி கத்தினாள்.

வெயில் ஏறியது. கொண்டையனின் கழுத்து துவண்டது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பூஞ்சி வாயில் நுரை தள்ள அம்மாவின் காலடியில் சாய்ந்தாள்.

"என்னடி தங்கம், என்ன பண்ணுது?"

"மீன் கசந்துச்சும்மா."

"ஐயோ, நீ ஏன்டி சொல்லல?"

"உன்னைப் படுத்தக் கூடாதுன்னுதான்..." என்றாள் பூஞ்சி. அதற்குமேல் அவள் பேசவில்லை.

பொழுது சாய்வதற்குள் இரண்டும் செத்துப்போயின. நெடுங்காலி அவற்றின் மேல் சிறகை விரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவள் தொலைவில் இருந்த வேறொரு குளத்துக்குப் போய் நத்தை கொண்டுவந்தாள். கூட்டில் இப்போது இடம் நிறைய இருந்தது. சுண்டு பசியோடு வாயைத் திறந்தான். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு மூடினான்.

"நல்லா இல்லைன்னா துப்பலாமாம்மா?"

"துப்புடா கண்ணு," என்றாள் நெடுங்காலி. "எப்படி இருந்துச்சுன்னு என்கிட்டச் சொல்லிட்டுத் துப்பு."

அன்று அவன் துப்பவில்லை. அவள்தான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பிள்ளையிடம் ஏன் என்று கேட்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் விழுங்கும் பிள்ளையிடம் அதற்கும் முன்னால் கேட்க வேண்டும்.