சுரைக்காய்க் கூட்டில் விடுபட்டது

சுரைக்காய்க் கூட்டு சாப்பிட்டு ஒருவர் செத்துப்போனார். செய்முறை தணிகாசலம் எழுதியது.

தணிகாசலம் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகவில்லை. தெருக்கோடியில் கல்லூரி விடுதி. அங்கே சமையல் மாஸ்டர் இருதயராஜ். இவரைவிட இருபது வயது சின்னவர். போய்க் கேட்டார். ஒரு வருஷம் கூட நின்று கற்றுக்கொண்டார். அப்புறம், தன்னைப் போலத் தனியாக இருக்கும் ஆண்களுக்கென்று ஒரு பிளாக் தொடங்கினார்.

முதல் பக்கத்திலேயே விளக்கம். கப் என்றால் இருநூறு மில்லி. ஸ்பூன் என்றால் தலை தட்டி. சிறு தீ என்றால் சுடர் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. கடைசியில் ஒரு வரி: 'எழுதியபடி செய்தால் போதும். சமைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.'

ஓசூரில் ஒருவர் எழுதியபடி செய்தார். கசப்புக் காய். நாலு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஐந்தாம் நாள் அவர் மகள் தணிகாசலத்துக்குப் போன் செய்து, அப்பா இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னாள். மீதியைப் பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கிச் சொன்னார்.

தணிகாசலம் நேரே விடுதி சமையலறைக்குப் போனார்.

"நீங்க செஞ்சதைத்தானே மாஸ்டர் எழுதினேன்? ஒண்ணுகூட விடலையே. எங்கே தப்பு?"

இருதயராஜ் கரண்டியை வைக்கவில்லை.

"கசந்த காயை எவனாவது முழுங்குவானா சார்? நாக்கு செத்த ஆளா?"

"கசக்கலையான்னு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாராம். நான் சமைச்சா இப்படித்தான் இருக்கும்னு இவர் சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டாராம். ராத்திரிக்கும் அதையே."

இருதயராஜ் கரண்டியை வைத்தார். கூடையிலிருந்து ஒரு சுரைக்காயை எடுத்துப் பலகையில் போட்டார்.

"நீங்க எழுதினதைப் படிங்க. நான் செய்றேன்."

தணிகாசலம் போனை எடுத்துக் கண்ணாடியை மாட்டினார்.

"சுரைக்காயைத் தோல் சீவி, விதைப் பஞ்சை நீக்கி, ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கவும்."

"அங்குலமா? காயா, காலி மனையா?"

நறுக்கினார்.

"துண்டுகளை வெந்த பருப்பில் போடவும்."

இருதயராஜின் இடது கை ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டது. மென்றது வாய். வலது கை பலகையைத் தூக்கிச் சட்டியின் மேல் சாய்க்கப் போனது. அப்படியே நின்றது.

"இப்ப வாயில என்ன மாஸ்டர்?"

இருதயராஜ் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஒரு வருஷம் கூட நின்னு பார்த்தேன். கொறிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

இருதயராஜ் துணுக்கை உள்ளங்கையில் துப்பினார்.

"கசக்குதான்னு பார்க்கிறது சார். கசந்தா மொத்தக் காயும் குப்பைக்கு. வேகவச்சாலும் அந்த விஷம் போகாது."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"இல்ல."

"ஏன்?"

"செய்றேன்னு எனக்கே தெரியாது."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் தீயைக் குறைக்கவில்லை. அது வழிந்து, கருகி, நாறிய பிறகுதான் இருதயராஜ் அணைத்தார்.

"பிளாக்கையே அழிச்சுடறேன்," என்றார் தணிகாசலம்.

"ஏற்கெனவே எழுதி வச்சுக்கிட்டவன் இருப்பானே. கசப்பைப் பத்தி அவன் எங்கே போய்ப் பார்ப்பான்?"

தணிகாசலம் அழிப்பதற்காகவே பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டு போனார். கடைசியில் புதிதாக ஒரு பின்னூட்டம். 'எங்கள் அப்பா' என்று கண்ணில் பட்டது. அந்த மகள்தான். படிக்கத் தைரியம் வரவில்லை. போனை நீட்டினார்.

வசவு இருக்கும் என்றுதான் இருதயராஜும் நினைத்தார். இல்லை.

'சுரைக்காயை நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள். அந்தக் காயைச் சமைக்காதீர்கள். எங்கள் அப்பாவுக்கு இது தெரியாது.'

இருதயராஜ் அதை வாய்விட்டுப் படித்தார். இன்னொரு தரமும் படித்தார்.

"இதை மேல ஏத்துங்க. கப்பு, ஸ்பூன் எல்லாத்துக்கும் முன்னாடி."

தணிகாசலம் ஏற்றினார். எழுத்து நாலு தடவை தப்பாக விழுந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் கீழே, சொல்லிக் கொடுத்தவர் இருதயராஜ் மாஸ்டர்னு போடுறது வழக்கம். இதுக்கும் போடவா?"

"நான் எங்கே சொன்னேன்?"

"அப்ப என் பேரைப் போட்டுக்கவா?"

"நீங்களும்தான் சொல்லல." பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பொண்ணு பேரு என்ன?"

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மங்கையர்க்கரசி."

"போடுங்க. சொல்லிக் கொடுத்தவர், மங்கையர்க்கரசி."