ஆணி அடிக்கும் காவல்காரன்

ஓர் உடம்புக்குள் ஒரு காவல்காரன் இருந்தான். நல்ல உழைப்பாளி. சளி வந்தால் விரட்டுவான், அம்மை வந்தால் மல்லுக்கு நிற்பான். உடம்புக்காரி கோமதி முப்பது வருஷமாக அவனை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஒருநாள் அவனுக்கு என்ன ஆனதோ, தசைகளின் வாசல் கதவுகளைப் பார்த்து, "இதெல்லாம் கள்ளன் வெச்ச கதவு" என்று முடிவுகட்டிவிட்டான். சுத்தியலை எடுத்தான். ஒவ்வொரு கதவாக ஆணி அடிக்க ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு, மூளையிலிருந்து சேதி கொண்டுவரும் ஆள் தட்டினால் முதல் தட்டுக்குக் கதவு கொஞ்சம் திறக்கும். பத்தாவது தட்டுக்கு அசையாது. இமை பாதியில் தொங்கும். இட்லியை மெல்லும்போதே தாடை நின்றுபோகும். பார்க்கிறவர்களோ, "ஆளு நல்லாத்தானே இருக்கா, சோம்பல்" என்பார்கள்.

அவள் மகள் தர்ஷினி மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் நீள முடி என்றால் ரெட்டைச் சடை போட்டே ஆக வேண்டும். அன்று காலை அந்தப் பிள்ளை சாதாரணமாகச் சொன்னது: "அம்மா, சாயங்காலம் அப்பாகூடப் போய் பாய் கட் வெட்டிக்கிறேன். அப்போ உனக்குக் கஷ்டமிருக்காதுல்ல?"

கோமதி விடவில்லை. "இன்னைக்கு நான் ரெண்டு சடையும் போட்டுட்டா வெட்டக் கூடாது. சரியா?"

சீப்பு கையை அவசரப்படுத்தியது. "என்னக்கா, எட்டேகாலுக்கு வேன்."

"சும்மா இருடி. சட்னி அரைச்சது யாரு, துணி பிழிஞ்சது யாரு? இனிமே மேல தூக்க என்னால ஆகாது" என்றது கை.

காலையில் விழுங்கிய மாத்திரை உள்ளேயிருந்து பேசியது. "ஆணி பிடுங்க எனக்குத் தெரியாதும்மா. தட்டுற ஆளைப் போகவிடாம நிறுத்தி, இன்னும் நாலு தட்டு தட்டுய்யான்னு சொல்வேன். அதுவும் கொஞ்ச நேரம்தான்."

"நான் விடிஞ்சதிலிருந்து அதிகம் பேசவே இல்ல. என் பங்கையும் கைக்கே குடுத்துரு" என்றது தாடை.

"உன் கதவு உனக்கு, அவ கதவு அவளுக்கு. மாத்திக் குடுக்க முடியாது" என்றது மாத்திரை.

கோமதி வழக்கம்போல மகளுக்குப் பின்னால் நின்றாள். முதல் சடை ஜோராக வந்தது. ரிப்பன் பூவாக விரிந்து பெருமைப்பட்டுக்கொண்டது. இரண்டாவதற்கு முடியை மூன்றாகப் பிரித்தாள். கை பொத்தென்று விழுந்தது. தூக்கினாள். மறுபடி விழுந்தது. சீப்பு தரையில் போய் விழுந்தது.

"அடிபட்டுச்சாடி?"

"ஒரு பல்லுதான்க்கா, பரவால்ல."

கைக்கு அழுகை வந்தது. "ஏன் காவல்காரரே, நாங்க உமக்கு என்ன பண்ணினோம்?"

"உங்களைத்தானே காப்பாத்துறேன்" என்றான் அவன், ஆணியைப் பல்லில் கவ்விக்கொண்டே. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினான். அலுப்பிலெல்லாம் பெரிய அலுப்பு அதுதான். கெட்டவனாக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம்.

கோமதி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"விடும்மா, வெட்டிக்கலாம்" என்று தர்ஷினி வந்து, அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்துப் படுத்தாள்.

துவண்டு கிடந்த கைகளுக்குப் பக்கத்திலேயே வந்து கிடந்தது அந்தத் தலை.

கை மெல்லச் சொன்னது: "ஏடி சீப்பு, இங்க தூக்கவே வேண்டாம்டி."

விரல்கள் ஒரு பின்னல் பின்னின. நின்றன. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்று பின்னின. வாசலில் வேன் ஹாரன் அடித்தபோது ரிப்பன் முடிச்சு விழுந்தது. ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. ரெண்டு சடைதான்.

"பாய் கட்?" என்றாள் கோமதி, குழறிய நாக்கோடு.

"போம்மா!" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள் மகள்.

உள்ளே காவல்காரனுக்கு ஒரே குழப்பம். இந்தச் சடை எந்தக் கதவு வழியாக வந்தது என்று ஆணியும் கையுமாகத் தேடித் தேடிப் பார்த்தான்.

மடிக்குக் கதவே கிடையாது.